உருகாத வெண்ணெய்

வெண்ணெய் என்றால் உருக வேண்டும். அதிலும் நெகிரி செம்பிலான் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கல்லின் மேல் அப்பிய வெண்ணெய் உருகாமல் நிற்பதாவது! வருடா வருடம் புரட்டாசி முதல் சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு சாத்திவிட்டு, பூசாரி கணேசமூர்த்தி படும் பாடு தோட்டத்துக்கே தெரியும். காலைப் பூசை முடிவதற்குள் சாமியின் மூக்கு வழியத் தொடங்கும். மூக்கைப் பிடித்தால் வால் வழுக்கும். ஒரு கையில் விசிறி, மறு கையில் ஐஸ் தண்ணீர் என்று அவர் சாமியைச் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வருவார்கள். கும்பிட வந்ததாகத்தான் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த வருடம் மூக்கு வழியவில்லை. வெயில் ஏறி, கும்பிட வந்த பெண்களின் முகத்துப் பவுடரெல்லாம் கரைந்துவிட்டது. ஆஞ்சநேயர் மட்டும் சாத்தியது சாத்தியபடி, மேலே லேசான ஒரு மினுமினுப்போடு நின்றார். கணேசமூர்த்தி விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார். சும்மா நின்று அந்தச் சாமியைப் பார்த்தது அவருக்கு அதுதான் முதல் தடவை.

சிலை பெரியது இல்லை, முழங்கால் உயரம்தான். பெடாஸ், தம்பின் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் இருக்கிற மாரியம்மன் கோயிலில், அம்மனுக்கு வலப்பக்கம் ஒரு சின்னச் சன்னிதி. லயத்து வீடுகளில் மிச்சம் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். டவுனுக்குக் குடிபோனவர்கள் புரட்டாசிக்கு மட்டும் காரேறி வருவார்கள். கணேசமூர்த்தி மற்ற நாட்களில் எண்ணெய் ஆலையின் வாசலில் ஜாகா, அதாவது காவல்காரர். மாலையிலும் விசேஷ நாட்களிலும் பூசாரி. ஜாகா உடுப்பில் அவர் தூங்கியதுண்டு. வேட்டியில் தூங்கியதே இல்லை.

அன்று விடியலில் அவர் வந்தபோது சன்னிதிப் படியில் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. மூடிமேல் ஒரு செம்பருத்திப் பூ, ஒரு சிட்டிகை குங்குமம். வெண்ணெய் எப்போதும் கோயில் தலைவர் திருநாவுக்கரசின் உபயம். வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார்: "காலையில வெண்ணெய் வந்துரும் பூசாரி, கவலப்படாதீங்க." வந்துவிட்டது, அவ்வளவுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

திறந்தபோது மட்டும் ஒரு கணம் கை நின்றது. நிறம் வெளிறிய மஞ்சள். வெண்ணெயைவிடக் கொஞ்சம் கெட்டி. வாசனையில் புகை இருந்தது, வறுத்த கடலை மாதிரி ஏதோ ஒன்றும் இருந்தது. புது கம்பெனி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் அது இளகி, சொன்ன பேச்சைக் கேட்டது. கன்னம், தோள், கதாயுதம், வால் என்று எங்கே தடவினாலும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. டப்பாவை வழித்து முடித்துவிட்டுக் கையைத் துடைத்தால் தோல் குழந்தை கன்னம் மாதிரி இருந்தது. சாமி காரியம், சந்தோஷமாக இருந்தார்.

அந்தச் சந்தோஷம் திருநாவுக்கரசு வந்து சேரும் வரைக்கும்தான். தம்பினில் லாரி வைத்து ஓட்டுகிறவர், பேச்சும் லாரி மாதிரிதான் வரும். கையில் ஓர் ஐஸ் பெட்டியோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பூசாரி! கோவிச்சிக்காதீங்க லா. ரெம்பாவ் கிட்ட காடி ரோட்டுலயே படுத்துக்கிச்சு. இந்தாங்க வெண்ணெய், சீக்கிரம் சாத்துங்க!"

கணேசமூர்த்தி பெட்டியைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப அது?" என்றார்.

"எது?"

"அனுமாரு மேல இருக்கறது."

திருநாவுக்கரசு அப்போதுதான் சாமியைப் பார்த்தார். வாய் பிளந்தது. "யாரு குடுத்த வெண்ணெய் இது?"

"நீங்கதானே தலைவரே?"

"நானா? நான் இப்பதானே வர்றேன்!"

இருந்தவர்களை எல்லாம் கேட்டாயிற்று. யாரும் கொடுக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கணேசமூர்த்தியின் மனைவி செல்லம் அப்போதுதான் வடைமாலைத் தட்டோடு வந்து பின்னால் நின்றாள். சாமியைத் தலை முதல் வால் வரை பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். தட்டைப் படியில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். விடியலில் எழுந்து வடை சுட்ட களைப்பு என்று கணேசமூர்த்தி நினைத்தார். ஆண்கள் நினைக்கிற விஷயங்களுக்கு ஓர் அளவே கிடையாது.

"யாரும் குடுக்கல," என்றார் திருநாவுக்கரசு. "வெயில்ல உருகவும் இல்ல. அப்பறம் என்ன லா சந்தேகம்? சாமியே கொண்டாந்து வச்சிட்டாரு."

"டப்பா பிளாஸ்டிக்கா இருக்கே, தலைவரே."

"ஏன், சாமிக்கு பிளாஸ்டிக் டப்பா கெடைக்காதா?"

அதற்குள் கைத்தொலைபேசிகள் வெளியே வந்துவிட்டன. உருகாத வெண்ணெயோடு ஆஞ்சநேயர் படம் மந்தின் டவுன் வரைக்கும் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து யார் யாருக்கோ போயிற்று. திருநாவுக்கரசு அங்கேயே நின்று முடிவெடுத்துவிட்டார். காப்பைக் கலைத்ததும் இந்த வெண்ணெயில் ஒரு துளிகூட யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒரு வாளியில் பத்திரமாக மூடி வைக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை கூடாரம் போட்டு, வருகிற அத்தனை பேருக்கும் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரசாதம். அவர் கொண்டுவந்த வெண்ணெய் கோயில் ஐஸ்பெட்டிக்குள் போயிற்று. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை காப்பைக் கலைத்து வாளியில் சேர்க்கும்போது, பூசாரி விரல் நுனியில் ஒட்டியதை நாக்கில் வைத்தார். எப்போதும் செய்வதுதான். வெண்ணெய் ருசி இல்லை. உப்பும் இல்லை, பால் வாசமும் இல்லை. மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. அந்தப் புகை வாடை மூக்குக்குள் ஏறியது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

இது கொழுப்பாக இருந்தால்?

ஏதோ ஒரு மிருகத்தின் கொழுப்பை உருக்கி எடுத்து, யாரோ விளையாட்டுக்கோ வஞ்சகத்துக்கோ படியில் வைத்துவிட்டுப் போயிருந்தால்? புரட்டாசி மாதத்தில், பிரம்மச்சாரி சாமி மேல், அவரே தன் இரண்டு கையால் அப்பியிருக்கிறார். போதாததற்கு நாக்கிலும் வைத்தாயிற்று. இன்னும் ஆறு நாளில் ஊரே வந்து கைநீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொள்ளப் போகிறது. கணேசமூர்த்தி வாளியை அம்மன் வாகன அறையில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார். செருகியதை நடக்க நடக்கத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு சின்ன மருந்து டப்பியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு முதலில் போனது முகுந்தனிடம். முகுந்தன் கோழிக்கடைக்காரன். புரட்டாசியில் கடையை மூடிவிட்டு அதே மேசையில் கத்திரிக்காய் விற்பான். கொழுப்பைப் பற்றி அவனைவிட யாருக்குத் தெரியும்? எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் பூசாரி டப்பியை நீட்டினார்.

முகுந்தன் முகர்ந்தான். நசுக்கினான். வெயிலில் காட்டினான். "கோழி இல்ல, அண்ணே. ஆடும் இல்ல, ஆட்டுக் கொழுப்பு ஆறுனா வெள்ளையா வெறச்சிப் போவும்."

"அப்ப?"

"மாடா இருக்கலாம். நான் மாடு வெட்டுனதில்ல, எனக்கு எப்டித் தெரியும்?"

பூசாரி அங்கிருந்து நேரே ஆலைக்குப் போய், எண்ணெயைச் சோதிக்கிற லேபில் வேலை செய்கிற தர்மராஜிடம் நீட்டினார். தர்மராஜ் பாதிப் பார்வையிலேயே சொல்லிவிட்டான். "இது செம்பனைக் கொட்டை எண்ணெய் லா, அங்கிள். கெட்டியா ஆக்கி வச்சிருக்கான். இங்க வேற என்ன கெடைக்கும்?"

"செம்பனையில இந்தப் பொகை வாட வருமா?"

தர்மராஜ் மறுபடி முகர்ந்தான். நெற்றியைச் சுருக்கினான். "வராதே," என்றான்.

வந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு பூசாரி வாசலுக்குத் திரும்பினார். அன்று அவர் திறக்க வேண்டிய லாரிக்குக் கதவைத் திறக்காமல், திறக்கக் கூடாத லாரிக்குத் திறந்துவிட்டு, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டிலோ வேறு ஒரு குழப்பம். செல்லம் பேசவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. "என்னா செல்லம், ஒடம்பு முடியலியா?" என்று கேட்டதற்கு அவள் அவரைப் பார்த்த பார்வையில் ரசம்கூடத் திரிந்துவிடும். கணேசமூர்த்தி யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இவளுக்குத் தெரிந்துவிட்டது. மோப்பத்திலேயே கண்டுபிடித்திருப்பாள். சாமி மேல் கொழுப்பை அப்பிய பாவியோடு எப்படிப் பேசுவது என்று இருக்கிறாள். பாவம், வெளியே சொல்லவும் முடியாமல் தவிக்கிறாள். அவருக்கு அவள்மேல் இரக்கமே வந்தது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு விமலா வேறு. சனிக்கிழமையன்று சன்னிதிப் படியில் சிந்தியதை வழித்துக்கொண்டு போய், மகளின் முழங்கையில் சொரசொரப்பாகக் காய்ந்து கிடந்த இடத்தில் தடவியிருக்கிறாள். வியாழக்கிழமை ஓடி வந்தாள்.

"பூசாரிண்ணே, அரிப்பு போயிருச்சு! ராத்திரியெல்லாம் சொறிஞ்சிக்கிட்டுக் கெடப்பா, இப்ப தோலு எப்டி இருக்கு பாருங்க. என் குதிகால் வெடிப்புலயும் கொஞ்சம் போட்டேன், அதுவும் மூடுது. சாமி கண்ணத் தொறந்துட்டாரு!"

சாமி கண்ணைத் திறந்தாரோ இல்லையோ, பூசாரிக்குத் தலை சுற்றியது. தீட்டுப்பட்ட பொருள் என்றால் புண்ணை ஆற்றுமா? புண்ணை ஆற்றுவதால் மட்டும் அது சுத்தமாகிவிடுமா? நல்லதா கெட்டதா, மரமா மாடா, அற்புதமா அபசாரமா என்று எதுவும் விளங்காமல் நின்றார். விமலா இதையெல்லாம் கவனிக்கவில்லை. தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"நம்ம தம்பின் சுலைஹாக்கா இல்ல, சோப்பு, க்ரீம் எல்லாம் கையாலயே காச்சி விக்கிறாங்களே, அவங்க கடையில கூட இப்டி ஒரு சாமான் கெடைக்காது!"

கணேசமூர்த்தி நிமிர்ந்தார். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? எண்ணெயும் கொழுப்பும் காய்ச்சுவதே தொழிலாக இருக்கிற பெண். அதோடு முஸ்லிம் வீடு. இன்ன கொழுப்பு என்று தெரியாத எதுவும் அங்கே வாசல்படி ஏறாது, இந்த விஷயத்தில் அவர்களுக்கு நம்மைவிடக் கவனம் அதிகம். வெள்ளிக்கிழமை ஆலையில் அரைநாள் லீவு போட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பினுக்குக் கிளம்பினார். வழியெல்லாம் செம்பனை. மட்டை வெட்டுகிற பங்களாதேஷ்காரர்கள், மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்கள். எதுவும் அவர் கண்ணில் படவில்லை. சட்டைப் பையில் அந்த டப்பி கனத்தது.

சுலைஹாவின் கடை காய்கறிப் பாசாருக்குப் பின்தெருவில் ஒற்றைக் கதவுக் கடை. உள்ளே போனால் எலுமிச்சைப்புல் வாசம் மூக்கை நிறைக்கும். "வாங்கண்ணே, என்ன இவ்ளோ தூரம்?" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

பூசாரி டப்பியை மேசைமேல் வைத்தார். சுலைஹா நகத்தால் கொஞ்சம் கிள்ளி மணிக்கட்டில் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். சிரித்துவிட்டாள்.

"இது என் சாமான் லா, அண்ணே!"

"ஒங்க சாமானா? மொதல்ல இத சொல்லும்மா. இது மிருகமா, மரமா?"

"மரம். அசல் மரம். ஏன் இப்டி வேர்க்குது ஒங்களுக்கு? ஒக்காருங்க."

உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் ஒரு வாரமாக அவர் சரியாக மூச்சு விடவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. சுலைஹா விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

"ஷியான்னு ஒரு மரம், அண்ணே. ஆப்பிரிக்காவுல கானா, புர்க்கினா ஃபாசோ, அந்தப் பக்கம் இருக்கு. யாரும் நட்டு வளக்கறதில்ல, பொட்டக்காட்டுல தானா நிக்கும். காய்க்கவே வருசக்கணக்காவும். நிலாய் காலேஜில ஒரு கானாப் பொண்ணு படிக்கிறா, அவ சின்னம்மா அனுப்புற சரக்கு இது. பழம் தானா கீழ விழுந்தாத்தான் எடுப்பாங்களாம். பொம்பளைங்கதான் பொறுக்குவாங்க. சதைய தின்னுட்டு, கொட்டைய அவிச்சி, வெயில்ல போட்டு, ஓட்ட ஒடச்சி, பருப்ப வறுத்து இடிப்பாங்க. அதான் அந்தப் பொகை வாட."

"வறுக்கறதுதானா அது!"

"அப்பறம் மாவா அரச்சி, தண்ணி விட்டுக் கையாலயே அடிப்பாங்க. மணிக்கணக்கா அடிச்சா, வெள்ளையா நொரை மாதிரி மேல தெரளும். அத வழிச்சி, காச்சி, ஆற வச்சா இதுதான். இந்தாங்க, பாருங்க."

தொலைபேசியில் ஒரு படம். பெரிய தாம்பாளத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, முழங்கை வரை மாவில் விட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாயில பட்டா ஒண்ணும் ஆவாதே?" என்றார் பூசாரி. தன் நாக்கை நினைத்துத்தான் கேட்டார்.

"அங்க அதுலதான் சமையலே. பொறந்த புள்ளைக்கும் தடவுவாங்க. காஞ்ச தோலுக்கு இத மாதிரி ஒண்ணு கெடையாது, அண்ணே. ஈரத்த உள்ள புடிச்சி வைக்கும், வெடிப்ப மூடும், அரிப்பு கொறையும். அதுக்காக எல்லாத்துக்கும் மருந்துன்னு சொல்ல மாட்டேன். சீழ் வச்சா கிளினிக்குக்குத்தான் போவணும். ஒங்க ஆலையில அரைக்கிற செம்பனை கூட அந்தப் பக்கத்துலேருந்து வந்த மரந்தானே? இது மட்டும் இங்க வரல."

கணேசமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். மரம். பழம். கொட்டை. சாமிக்கு ஒரு குறையும் வரவில்லை. ராமா, ராமா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, போகிற போக்கில் கேட்பது போல, "இத எங்க தோட்டத்துக்கு யாரும்மா வாங்கிட்டு வந்தாங்க?" என்றார்.

சுலைஹா அவரை விநோதமாகப் பார்த்தாள். "என்னண்ணே கேக்கறீங்க? ஒங்க வீட்டு அக்காதான். போன வாரம் பஸ்ஸேறி வந்தாங்களே. கைய நீட்டிக் காமிச்சாங்க, நான் பயந்தே போயிட்டேன். கைக்கு, காலுக்கு, வருசம் பூரா வரட்டும்னு பெரிய டப்பாவா நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"செல்லமா? கைக்கா?"

"நீங்க பாக்கலியா?"

பார்த்தாரா? வீட்டில் தினமும் சோறு போடுகிற கை. காப்பித் தண்ணி நீட்டுகிற கை. அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். வளையல் ஞாபகம் வந்தது. விரல் ஞாபகம் வரவில்லை. சாமியின் கதாயுதம் பிடித்த கையில் எந்த விரல் கொஞ்சம் உடைந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இது வரவில்லை. வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது ஒரு முடிச்சு அவிழ்ந்து நூறு முடிச்சு விழுந்திருந்தது. தன் கைக்கு வாங்கியதை அவள் எதற்குச் சன்னிதியில் கொண்டுபோய் வைக்க வேண்டும்? காணிக்கையா? காணிக்கை என்றால் தலைவர் கேட்டபோது நான்தான் என்று சொல்ல வேண்டியதுதானே? அப்புறம் ஏன் இந்த மௌனம்?

வீட்டுப் பின்பக்கம் குழாயடியில் செல்லம் உட்கார்ந்திருந்தாள். பகலெல்லாம் பெடாஸில் சாப்பாட்டுக் கடையில் எச்சில் மங்கு கழுவிவிட்டு வந்து, வெள்ளி தவறாமல் கோயில் பித்தளைச் சாமான் தேய்க்கிறவள். நாளைக்குக் கூட்டம் என்பதால் குத்துவிளக்கு, தாம்பாளம், மணி எல்லாம் குவிந்து கிடந்தன. புளியும் உப்புமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணேசமூர்த்தி பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். விரல் மடிப்பெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் பித்தளைக் கறுப்பு ஏறி, கட்டைவிரல் ஓரத்தில் சதை சிவப்பாகத் தெரிந்தது. அந்தக் கையில்தான் புளி.

"செல்லம்," என்றார். "அந்த டப்பா ஒன்னோடதா?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இப்பதான் தெரியுதாக்கும்."

"அத ஏன் படியில வச்ச?"

"புதுச் சாமான் எது வந்தாலும் சாமி காலடியில ஒரு ராத்திரி வச்சித்தானே எடுப்போம்? நீங்க புது மோட்டார் வாங்குனப்ப வைக்கல? சம்பளக் காச வைக்கல? நம்ம மேலுக்குப் போடறது, வெளிநாட்டுச் சாமான் வேற, சாமி பாத்துட்டுக் குடுக்கட்டும்னு வச்சேன். காலையில வடைமாலையோட வந்து எடுத்துக்கலாம்னு இருந்தேன்." குத்துவிளக்கைத் திருப்பினாள். "வந்து பாத்தா, வாலு வரைக்கும் சாத்தியாச்சு."

"எனக்குத் தெரியாது புள்ள. தலைவரு அனுப்புன வெண்ணெய்னு..."

"தெரியாதா?" இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "வியாழக்கெழம சாயங்காலம் ஒங்க கிட்ட சொன்னேன். சோறு போட்டுக்கிட்டே சொன்னேன். கைக்கு மருந்து வாங்கியாந்திருக்கேன், நாளைக்கு ஆஞ்சநேயர் படியில வைக்கறேன், எடுத்து ஓரமா வச்சிருங்கன்னேன். ம்ன்னீங்க."

"நானா?"

"ம்ன்னீங்க. ரெண்டு வாட்டி."

கணேசமூர்த்தி அந்த வியாழக்கிழமையைத் தேடிப் பார்த்தார். தலைவர் போனில் வந்தது ஞாபகம் இருந்தது. மணி எத்தனைக்குக் காப்பு, யார் மாலை, யார் பந்தல் எல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது. எதிரில் உட்கார்ந்து இவள் பேசியது மட்டும் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

"தெரிஞ்சேதான் எடுத்துச் சாத்திட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள் செல்லம். "சாமிக்குப் போட்டது போவத்தான் எனக்குன்னு ஆயிருச்சு, அது பழகிருச்சு. இது ஒண்ணாச்சும் எனக்குன்னு நெனச்சேன். சாமிகிட்ட போயி எப்டிச் சண்ட போடறது? அதான் ஒங்க கிட்டயும் பேசல."

பூசாரி எழுந்தார். விறுவிறுவென்று கோயிலுக்கு நடந்தார். வாகன அறையைத் திறந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னாலேயே திருநாவுக்கரசின் காரும் வந்து நின்றது. கையில் ஒரு கட்டு பிளாஸ்டிக் பைகள்.

"பூசாரி! கோயில் தொறந்து கெடக்கு, வாளியக் காணோம்! பொட்டலம் கட்ட ஆளெல்லாம் வந்துட்டாங்க. இதென்ன, இங்க தூக்கியாந்துட்டீங்க?"

"இது பிரசாதம் இல்ல, தலைவரே."

"என்ன லா சொல்றீங்க?"

"வெண்ணெயும் இல்ல. மரத்துக் கொட்டையில எடுக்கறது. தம்பின்ல கெடைக்குது. என் சம்சாரம் அவ கைக்கு வாங்கி, சாமி பாத்துக் குடுக்கட்டும்னு வச்சிருந்தா. நான் கண்ணு தெரியாம எடுத்துச் சாத்திட்டேன். அற்புதமும் இல்ல ஒண்ணும் இல்ல."

திருநாவுக்கரசு அவரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், செல்லத்தைப் பார்த்தார். எந்தப் பக்கம் கோபித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "நாளைக்குக் கூட்டம் வருதே! சிரம்பான்லேருந்து பஸ்ஸெல்லாம் சொல்லியாச்சே! உருகாத வெண்ணெய்ன்னு சொல்லித்தானே கூப்ட்டிருக்கேன்? நான் என்னத்தச் சொல்றது?"

"ஒங்க வெண்ணெய் ஐஸ்பெட்டியில இருக்கு. காலையில சாத்தறேன். அது பாட்டுக்கு உருகட்டும். கூட்டத்துக்கு முன்னால நானே சொல்றேன், நான் செஞ்ச தப்புன்னு. பூசாரி வேணாம்னாலும் சரி." பிறகு குழாயடியைக் கையால் காட்டினார். "அப்பறம் இந்தச் சாமானெல்லாம் காடியில ஏத்திக்குங்க. பொட்டலம் கட்ட வந்த ஆளுங்க தேய்க்கட்டும்."

தலைவருக்கு என்ன தோன்றியதோ, செல்லத்தின் கையை ஒரு முறை பார்த்துவிட்டுக் குத்துவிளக்கைத் தூக்கினார். கார் போகும்போது பின்சீட்டில் தாம்பாளங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

கணேசமூர்த்தி குழாயடியில் தரையிலேயே உட்கார்ந்தார். செல்லத்தின் கைகளை இழுத்துப் புளி போகக் கழுவினார். வேட்டி முனையால் ஒற்றினார். வாளியில் ஒட்டியிருந்த துளசி இலையை எடுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்சம் வழித்து உள்ளங்கையில் இளக்கினார். கல்லின் மேல் எங்கே எவ்வளவு கனம் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இங்கே எவ்வளவு அழுத்தலாம் என்று தெரியவில்லை. வெடிப்பின் ஓரத்தில் மெல்ல மெல்லத் தடவினார்.

"வலிக்குதா?" என்றார்.

செல்லம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தன் கையையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி கேளுங்க," என்றாள்.